மேசை ஓரம் தாண்டிய ஒன்பது குதிரைகள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், பாய்லர்காரர், சமையல்காரர். வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது, சன்னலும் சாத்தியிருந்தது. நான் செய்ததை இன்னும் யாராவது பார்த்திருப்பார்களோ என்று பிற்பாடு பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூன்று பேர்தான் வருகிறது.

கொடைக்கானலில் வெளிநாட்டுக்காரர்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு ஸ்டோர் வேலை. அரிசி, சோப்பு, மெழுகுவர்த்தி, போர்வை எல்லாவற்றுக்கும் வரவு செலவு எழுதவேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அப்பா போனபிறகு படிக்க வழி இல்லை. ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனபிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபிறகும் சில நாள் எழுந்து வந்திருக்கிறேன். அப்படி ஒரு மனசு.

பாய்லர்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிள்ளைகள் குளிக்க வெந்நீர் போடும் பெரிய பாய்லருக்கு விறகு தள்ளுவது அவர் சோலி. அவரை அண்ணே என்பேன். அவர் சம்சாரம் அதே பள்ளிக்கூடத்தில் துணி வெளுக்கும் சலவைக்கட்டில் இருந்தார். பிள்ளைகள், வாத்தியார்களின் சட்டை, காலுறை எல்லாவற்றிலும் அழியாத மையால் பெயரெழுத்தும் எண்ணும் குறிப்பது அவர் வேலை. அவரை மதினி என்பேன்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சரித்திரம் சொல்லிக்கொடுத்த ஒரு வெளிநாட்டு வாத்தியார் இருந்தார். அவரிடம் விரல் உயர ஈயச் சிப்பாய்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பிங்பாங் மேசையில் பச்சைக் கம்பளியை விரித்து, அடியில் புத்தகங்களை வைத்து மேடு பள்ளம் ஆக்கி, இரண்டு படையாக நிறுத்துவார். காலாள் ஒரு முறைக்கு ஆறு அங்குலம் நகரலாம். குதிரை பன்னிரண்டு அங்குலம். கிட்டத்தில் வந்தால் பகடை உருட்டிச் சண்டை. பெரிய லீவு விட்டதும் மற்ற வாத்தியார்கள் எல்லாம் இறங்கிப் போய்விடுவார்கள். அவருக்கு எதிரே நிற்க ஆள் இருக்காது. மழை நாளில் என்னையும் பாய்லர்காரரையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். முதலில், சம்பளம் வாங்குகிறவர்கள், சொன்னதைக் கேட்கவேண்டும் என்றுதான் உட்கார்ந்தோம். இரண்டாம் வருடம் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருந்தோம்.

அந்த ஆட்டத்தில் என்னை மிகவும் பயப்படுத்தியது மேசையின் ஓரம்தான். நடுவில் எதற்கும் இடம் இருக்கிறது, ஓரத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். வரிசையாக நிற்கும் படை திரும்பும்போது அதன் வெளிப்பக்கத்து ஆள் அந்தரத்தில் நடக்கக்கூடாது. அப்படி வந்தால் அந்தப் படை திரும்பவே முடியாது, நேரே போகலாம் அல்லது நிற்கலாம். பாதிப் பாதம் வெளியே தொங்க எந்தச் சிப்பாயையும் நிறுத்தக்கூடாது. பயந்து ஓடுகிற படை ஓரத்தைத் தொட்டால் போயிற்று. சண்டையில் ஜெயித்த குதிரைக்கு மட்டும் ஒரு வேடிக்கையான சட்டம் இருந்தது. அது நிற்க முடியாது. ஓடுகிறவனை விரட்டியே ஆகவேண்டும், பகடை சொல்கிற தூரம் முழுதும். நான் மேசையைச் சுற்றித் தரையில் பழைய போர்வைகளை விரித்து வைப்பேன், யாராவது விழுந்தால் கழுத்து ஒடியாமல் இருக்கட்டும் என்று. வாத்தியார் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு வருடம் அவருக்குக் கப்பலில் ஒன்பது குதிரைக்காரர்கள் வந்தார்கள். சாயம் பூசாத சாம்பல் ஈயம். அவருக்குக் கை நடுக்கம், மெல்லிய பிரஷ் பிடிக்க வராது. யோசித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் தன் சட்டைக் கழுத்தில் மதினி குறித்த எழுத்தைப் பார்த்திருக்கிறார். கடுகு அளவில் அத்தனை திருத்தமாக இருந்ததாம். குதிரைகளையும் சாயப் பெட்டியையும் கொண்டுபோய்ச் சலவைக்கட்டில் வைத்துவிட்டார்.

"சட்டைக்கு நம்பர் போடச் சொன்னாங்க, போட்டேன். இப்ப குதிரைக்கு மூஞ்சி எழுதச் சொல்றாரு. அடுத்து என்ன, ஏரிக்குக் கரை எழுதணுமா?" என்றார் மதினி பாய்லர்காரரிடம்.

"எழுதத் தெரியலேன்னு சொல்லிரு."

"யாரு சொன்னா தெரியாதுன்னு?"

அந்த மழைக்காலம் பூராவும் எழுதினார். வெளிநாட்டுப் போர்க்குதிரை அவர் கண்டதில்லை. ஏரிக்கரையில் வாடகைக்கு நிற்கும் மட்டக்குதிரைகளைத்தான் கண்டிருக்கிறார். அதனால் ஒன்பதும் ஏரிக்கரைக் குதிரைகளாகவே வந்தன. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளது, காது கிழிந்தது, முன்னங்கால் மட்டும் வெளுத்தது. பார்த்த உடனே இது இன்னார் குதிரை என்று சொல்லிவிடலாம். குதிரைமேல் இருந்தவர்களுக்கு நம் நிறம், பாய்லர்காரர் மீசை. கடைசியாக எழுதியது கொடி பிடித்தவனை. கொடிக்கு அரக்கும் மஞ்சளும். அது மதினி நல்ல நாளில் கட்டும் புடவை. வாத்தியார் ஒன்பதையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எந்தப் படையில் இப்படி உடுப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஒன்பதும் பாய்லர்காரர் பக்கம்தான்.

தை மாதம் மதினிக்கு நெஞ்சில் சளி கட்டியது. பனிக்காலத்தில் ஈரத்துணியிலேயே நிற்கிற வேலை. ஒன்பது நாள் கிடந்தார், போய்விட்டார். பிள்ளைகள் கிடையாது. பாய்லர்காரர் பதினேழாம் நாள் வேலைக்கு வந்து விறகு தள்ளினார்.

இரண்டு மாதம் கழித்துப் பங்குனியில் வாத்தியாரும் ஊரோடு போனார். சிப்பாய்ப் பெட்டியை எங்கள் இருவருக்கும் பொதுவாக விட்டுவிட்டார். தானே தட்டச்சு செய்து நூலால் தைத்த ஒரு சட்டப் புத்தகத்தையும் என் கையில் கொடுத்து, எல்லாம் இதில் இருக்கிறது என்றார். பாய்லர்காரருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான்தான் எழுத்துக் கூட்டி, சாமான் பட்டியலில் பழகிய வார்த்தைகளைக்கொண்டு ஊகித்து, சட்டம் சொல்கிறவன் ஆனேன். அந்தப் பொறுப்பு எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வாத்தியாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. செத்த சிப்பாய் ஆட்டம் முடிந்ததும் சொந்தக்காரர் பெட்டிக்குப் போய்விடுவான். உயிரோடு மேசை ஓரம் தாண்டியவன் மட்டும் எதிராளியிடம் கைதி. மிட்டாய் கொடுத்து மீட்டுக்கொள்ளவேண்டும். வாத்தியார் போனபிறகு சமையல்காரர்தான் கிண்டல் செய்து அதைக் காசாக மாற்றினார். "மீச வச்ச ரெண்டு பேரு மிட்டாய்க்கு அடிச்சுக்கிறத வெளிய சொல்லிராதீங்கப்பா, மானம் போகும்." தலைக்கு எட்டணா என்று வைத்தோம். புதுக்காசு வந்து சில வருடம் ஆகியும் எங்களுக்கு அது எட்டணாதான். அவர் ஆள் இரண்டு என்னிடம் இருந்தால் என் ஆள் இரண்டு அவரிடம் இருக்கும், மாற்றிக்கொள்வோம். காசு கைமாறியதே கிடையாது.

அந்த நாள் ஐப்பசியில் வந்தது. லீவு. ஊருக்குப் போகாத சில பிள்ளைகளுக்காகத்தான் பாய்லரும் அடுப்பும். மூன்று நாளாக மழை விடவில்லை. பாய்லரை அணைத்துவிட்டு அவர் வந்தார். அடுப்பு வேலை முடிந்து சமையல்காரரும் ஒரு பெஞ்சியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மதினி போனதிலிருந்து அந்தக் குதிரைகளை வெளியே எடுத்தது அன்றுதான். நானாகக் கேட்கவில்லை. அவரே பெட்டியின் அடியிலிருந்து துணிச்சுற்றை எடுத்துப் பிரித்தார்.

"சும்மா கெடந்தா ஈயம் வெள்ளையா பூத்துரும்," என்றார். ஒன்பதையும் மேசையில் நிறுத்தினார்.

மாலை நாலு மணிவாக்கில் அவர் குதிரைகள் என் காலாள் பன்னிரண்டு பேர்மேல் பாய்ந்தன. பகடையில் அவருக்கு ஆறு, எனக்கு ஒன்று. என் ஆட்கள் திரும்பி ஓடினார்கள். குதிரைகள் விரட்டின. இரண்டாவது பகடையில் என் பன்னிரண்டு பேரும் மேசை மேலேயே வெட்டுப்பட்டுச் சாய்ந்தார்கள்.

"ஐயோ பாவம் கணக்கு, படையே காலி!" என்று சமையல்காரர் தொடையைத் தட்டினார். என்னைக் கணக்கு என்றும் பாய்லர்காரரை மாப்ள என்றும்தான் கூப்பிடுவார். "மாப்ள, இன்னைக்கு ஒனக்குச் சுக்காப்பி நான் போடுறேன்."

பாய்லர்காரர் சிரித்தார். பத்து மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. நான் அளவுகோலை வைத்தேன். விரட்டுகிற தூரம் இன்னும் ஐந்து அங்குலம் மிச்சம் இருந்தது. மேசை மூன்று அங்குலம்தான் இருந்தது.

"அண்ணே, ஓரம் தாண்டுது," என்றேன்.

"தாண்டுனா?"

"தாண்டுனா போச்சுல்ல?"

"ஓடுனவன் தாண்டுனா சரி. ஜெயிச்ச குதிரையுமா தம்பி?"

இதுவரை ஜெயித்த குதிரை ஓரம் வரைக்கும் போனதே இல்லை. வாத்தியார் இருந்தபோதும் நடந்ததில்லை. நான் புத்தகத்தை எடுத்தேன். ஐந்தாவது தாளின் அடியில் அந்த வரி இருந்தது. மேசையின் ஓரத்தைத் தாண்டும் எந்தப் படையும் மேசையிலிருந்து எடுக்கப்படும். விரலை வைத்து இரண்டு முறை படித்துத் தமிழில் சொன்னேன்.

"அம்புட்டுதானா? அடுத்த பக்கத்தப் பாரு," என்றார் பாய்லர்காரர்.

அடுத்த தாள் இந்தத் தாளோடு ஒட்டியிருந்தது. கொடைக்கானல் ஈரத்தில் எந்தக் காகிதமும் அப்படித்தான், ஸ்டோரில் ரசீதுக் கட்டுகள் செங்கல் மாதிரி ஆகிவிடும். நகத்தை ஓரத்தில் விட்டு மெல்லத் தூக்கினேன். எழுத்தோடு சேர்ந்து காகிதத்தின் தோல் உரிந்து வந்தது. நகத்தை எடுத்துவிட்டேன். வாத்தியார் கையால் தைத்த புத்தகம். கிழிந்துபோனால் வேறு பிரதி கிடையாது. கிழித்தவன் நான் என்று ஆகிவிடும். உள்ளே இருப்பது எனக்குப் புரியாத இங்கிலீஷாக இருந்து, இருவர் முன்னால் முழிக்கவேண்டி வந்தால்? இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் மனசில் ஓடியது.

"அடுத்த பக்கம் வேற விசயம்ணே. பீரங்கி பத்தி," என்றேன்.

பார்க்காமலே சொன்னேன்.

பாய்லர்காரர் என் முகத்தைப் பார்த்தார். சமையல்காரர், "என்னப்பா சட்டம் இது, ஜெயிச்சவனுக்குத் தண்டனை? நம்ம ஆபீசு மாதிரில்ல இருக்கு," என்றார். யாரும் சிரிக்கவில்லை. பாய்லர்காரர் குதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். தூக்கும்போது ஒவ்வொன்றின் காலிலும் ஒட்டிய கம்பளி நூலை ஊதினார். ஒன்பதையும் என் பக்கத்தில் வரிசையாக வைத்தார், கொடிக்காரன் முன்னால்.

"சட்டம்னா சட்டந்தான்," என்று எழுந்தார். "பாய்லரைப் பாத்துட்டு வந்துர்றேன்." பாய்லர் அணைந்து கிடந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் திரும்ப வரவில்லை. சுக்குக் காப்பியைச் சமையல்காரரே குடித்தார்.

மறுநாள் வெள்ளனே ஒன்பதையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பாய்லர் கொட்டகைக்குப் போனேன். ராத்திரி தூங்கவில்லை.

"அண்ணே, சும்மா எடுத்துக்கங்க. மதினி எழுதுனது."

"யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியாதா?" விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "சும்மா குடுத்தா அது என்ன தம்பி? பிச்சதான. அப்புறம் நாம ஆடுனதெல்லாம் பச்சப்புள்ள வெளையாட்டுன்னு ஆயிரும். எட்டணா வச்சு ஒண்ணொண்ணா எடுத்துக்கிடுறேன். சம்பளத்துக்குச் சம்பளம்."

அப்போதே தாள் ஒட்டியிருந்ததைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நேற்றுச் சொன்ன பீரங்கியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். துணிச்சுற்றோடு திரும்பி வந்தேன்.

சம்பள நாள் சாயங்காலம் ஸ்டோர் சன்னலில் வந்து நிற்பார். கரி படிந்த கையால் எட்டணாவை மரப்பலகையில் வைப்பார். நான் ஒரு குதிரையை எடுத்துக் கொடுப்பேன். காது கிழிந்தது முதலில் போயிற்று. வாங்க மறுத்தால் அவர் முகம் என்ன ஆகும் என்று பயந்தேன், வாங்கும்போது கை கூசியது. அந்தக் காசைச் செலவழிக்கவும் இல்லை. ஒரு காலி சோப்புப் பெட்டியில் போட்டு வைத்தேன். எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது, சண்டை என்று எதுவும் கிடையாது. ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் சோலி கெடக்கு தம்பி என்பார்.

"கொடிக்காரன எடுத்துக்கங்கண்ணே மொதல்ல," என்று ஒருமுறை சொன்னேன்.

"அவன் கடைசி. அவ கடைசியாத்தான எழுதுனா."

ஏழு மாதம், ஏழு குதிரை. ஆனியில் அவருக்கே இருமல் வந்தது. வருடக்கணக்கில் விழுங்கிய புகை. டாக்டர் பாய்லர் வேலை கூடாது என்றார். ஆடலூரில் காப்பித் தோட்டத்தில் அக்கா குடும்பம் இருந்தது, அங்கே போனார். பஸ் ஏறும் நாளில் நான் ஸ்டோரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். லாரிக்காரரை நிறுத்திவிட்டு ஓடினேன். பஸ் கிளம்பியிருந்தது. சன்னல் ஓரத்தில் மடியில் ஒரு தகர டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். கையை மட்டும் தூக்கினார்.

மறு வருடம் மாசிக் கடைசியில் நல்ல வெயில். ஸ்டோரில் ஈரம் ஏறிய எல்லாவற்றையும் வெளியில் காயப்போட்டேன். பேரேடு, ரசீது, அந்தப் புத்தகம். மத்தியானம் எடுக்கப் போனபோது காற்றில் பக்கங்கள் தானாகப் படபடவென்று அடித்தன. ஐந்தாவது தாளும் ஆறாவது தாளும், அன்று நான் உரித்த ஓரம் தவிர ஒரு கிழிசல் இல்லாமல், தனித்தனியாக நின்றன.

அங்கேயே படியில் உட்கார்ந்து படித்தேன். தெரியாத வார்த்தைகளுக்குப் பள்ளிக்கூட அகராதியை எடுத்துவந்தேன். ஓடுகிறவனை விரட்டிப்போய் ஓரம் தாண்டிய குதிரைகளுக்கு மேலே சொன்னது பொருந்தாது. இரண்டு முறை ஆடி முடிந்ததும், எந்த இடத்தில் தாண்டினவோ அந்த இடத்திலேயே அவை மேசைக்குத் திரும்பி வரும். ஓரம் என்பது நம் மேசைக்குத்தான், போர்க்களத்துக்கு அல்ல என்று வாத்தியார் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். பீரங்கி பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

இரண்டு குதிரைகளையும் சோப்புப் பெட்டிக் காசையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். போனது ஆறு வாரம் கழித்து. ஸ்டோர் இருப்புக் கணக்கு முடியட்டும் என்றேன், அப்புறம் எனக்குக் காய்ச்சல் என்றேன். உண்மையில் அவர் முன்னால் போய் நிற்கும் நேரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

சித்திரையில் ஒருநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, வத்தலக்குண்டில் மாறி, மறுபடி மலையேறி, கடைசியில் நடந்து ஆடலூர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்தேன். வாசலில் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாளுக்கு அப்படியே பாய்லர்காரர் மூக்கு. நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"ஸ்டோர் தம்பியா? வாப்பா. இப்பத்தான் வர்றியா? அவன் போயி இருவத்திரெண்டு நாளாச்சே."

உள்ளே பாய் விரித்து உட்காரவைத்தார். எதிர்ச் சுவரில் பலகை அடித்து ஏழு குதிரைகளும் வரிசையாக நின்றன. கடைசியில் இரண்டு குதிரைக்கு இடம் விட்டிருந்தது.

"புள்ளைகள கிட்ட அண்ட விடமாட்டான். மூச்சுத் திணறிக்கிட்டு கெடக்கையிலயும் கண்ணு அதுமேலதான்." அக்கா மரப்பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். "இத ஒங்கிட்ட குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். ரெண்டு உருப்படிக்கு ஒரு ரூவா. யாரையாச்சும் கொடைக்கானலுக்கு அனுப்பிவையின்னான். நான்தேன் நாளைக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன்."

துணிச்சுற்றைப் பிரித்து வெள்ளைக்காலனையும் கொடிக்காரனையும் அவர் கையில் வைத்தேன். கொடியைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் புடவை அவர் எடுத்துக் கொடுத்ததாம். கொஞ்சநேரம் அழுதார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் பலகையில், விட்டிருந்த இடத்தில் வைத்தார்.

"இன்னொண்ணும் கேக்கச் சொன்னான் தம்பி. எனக்கு என்ன ஏதுன்னு புரியல. அந்தப் பொஸ்தகத்துல அடுத்த பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு கேளுக்கான்னான்."

வழியெல்லாம் மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தைகூட மறந்திருக்கவில்லை. சொன்னால், செத்துப்போன தம்பி விறகு தள்ளிச் சம்பாதித்த காசை ஏமாற்றி வாங்கினவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று அந்த அம்மாள் அறிவார். தினம் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அதையும் நினைப்பார். இப்படித்தான் அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

"வேற விசயம்க்கா. பீரங்கி பத்தி இருந்துச்சு," என்றேன்.

"அப்படியா. அதத் தெரிஞ்சுக்கத்தான் இம்புட்டுத் தவிச்சானாக்கும்," என்றார். முடிச்சை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "வாங்கிக்கப்பா. கடனோட போனான்னு இருக்கக்கூடாது."

வாங்கிக்கொண்டேன். என் சட்டைப்பையில் இருந்த சோப்புப் பெட்டிக் காசும் அப்படியே திரும்பி வந்தது.

பிற்பாடு இரண்டு முறை அந்த அக்காவுக்கு மணியார்டர் பாரம் எழுதினேன். முகவரி எழுதிவிடுவேன், தொகை எழுதிவிடுவேன். அடியில் சேதி எழுத விட்டிருக்கும் இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். இரண்டையும் கிழித்துப் போட்டேன். மூன்றாவது முறை எழுத நினைத்தபோது அக்காவும் இல்லை என்று ஆடலூர்க்காரர் ஒருவர் சந்தையில் சொன்னார். பலகையில் இருந்த குதிரைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

துணி முடிச்சை நான் இதுவரை அவிழ்க்கவில்லை. உள்ளே ஒரு ரூபாய். ஏழு குதிரைக்கு ஏழு எட்டணா, மூன்றரை ரூபாய். பாய்லர்காரருக்கு நான் கொடுக்கவேண்டியது நாலு ரூபாய் ஐம்பது பைசா.